அப்பாவோட பழைய டொயோட்டா கேஇ70-க்கு திரும்பவும் 4கே எஞ்சினேதான் போட்டேன்: ஒரு வருஷம் ஓட்டிப் பாத்த ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், 4ஏ-ஜிஇன்னு டொயோட்டாவோட வேகமான எஞ்சினைப் போட்டேன், எட்டாயிரம் ஆர்பிஎம்ல அலற விட்டேன்னு கதை கேக்க வந்தவங்க இங்கயே கெளம்பிடலாம், உங்க நேரம் மிச்சம். நான் போட்டது செத்துப்போன எஞ்சினுக்கு பதிலா அதே மாடல் இன்னொரு பழைய எஞ்சின். இதுக்கு ஒரு ரிவ்யூவான்னு என் தம்பியே சிரிச்சான். ஆனா இந்த முடிவுக்கு வர எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு, நடுவுல 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஏமாந்தேன், அதனால எழுதறேன்.

வண்டி 1983 டொயோட்டா கொரோலா, கேஇ70. பக்கத்துல மலேசியாவோட ஜோகூர்ல எல்லாரும் டிஎக்ஸ்னுதான் சொல்வாங்க. பின்சக்கர டிரைவ், அஞ்சு கியர் கே50 பாக்ஸ், 1290 சிசி 4கே எஞ்சின், கார்பரேட்டர், புஷ்ராட், டைமிங் பெல்ட் கிடையாது செயின்தான். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில வேலை பாத்த காலத்துல வாங்கினது, சிஓஇ, அதாவது சிங்கப்பூர்ல வண்டி வெச்சிருக்க வாங்கற உரிமைச் சான்றிதழ், அதை புதுப்பிச்சு புதுப்பிச்சு வெச்சிருந்தார், அவர் போனப்புறம் நான் கிளாசிக் ஸ்கீம்ல போட்டுட்டேன். தெரியாதவங்களுக்கு: 35 வயசு தாண்டின வண்டிக்கு அந்த ஸ்கீம், வருஷத்துல 45 நாள்தான் ரோட்ல ஓட்டலாம். மீதி 320 நாள் கார்பார்க்ல தூங்கும். இந்த 320 நாளை ஞாபகம் வெச்சுக்கங்க, எந்த எஞ்சின்னு முடிவு பண்ணப்போ எனக்கு குதிரைசக்தியைவிட இதுதான் பெரிய விஷயமா இருந்துச்சு.

எஞ்சின் செத்தது தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி. அம்மாவை கூட்டிட்டு லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா போறேன், சிராங்கூன் ரோடு முழுக்க லைட் போட்டிருக்கு, வண்டி நகரல, டெம்பரேச்சர் முள்ளு மட்டும் நகருது. காளியம்மன் கோவில் தாண்டறதுக்குள்ள செவப்பு கோட்டை தொட்டுடுச்சு, அப்புறம் ஒரு இனிப்பு வாசனை, பின்னாடி வெள்ளப் புகை. ஓரங்கட்டி ஹேசார்ட் போட்டுட்டு நிக்கறேன், அம்மா கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு நிதானமா சொல்றாங்க, "அப்பா ஓட்டறப்ப ஒரு நாளும் இப்படி நின்னதில்லப்பா." நான் ஒண்ணும் பேசல. இழுவை லோரிக்கு போன் பண்ணினேன்.

கழட்டிப் பாத்தா காரணம் அப்பாவேதான். முப்பது வருஷமா ரேடியேட்டர்ல வெறும் குழாத் தண்ணி. கூலன்ட்னா "அதெல்லாம் பச்சைத் தண்ணி விக்கற வேலை"ன்னு சொல்வார். பிளாக் பக்கவாட்டுல காசு மாதிரி வட்டமா தகடு அடிச்சிருப்பாங்க, வெல்ச் பிளக், தண்ணி ஜாக்கெட்டை அடைக்கறது. வண்டியைப் பாத்த மெக்கானிக், பட்டறை அண்ணன்னுதான் கூப்பிடுவேன், அதுல ஸ்க்ரூ டிரைவர் முனையை வெச்சு லேசா ஒரு அழுத்து அழுத்தினார், அப்பளம் மாதிரி உள்ள போயிடுச்சு. உள்ள இருந்து வந்தது தண்ணி இல்ல, செம்மண் கொழம்பு. ரேடியேட்டர் அடைச்சு, எஞ்சின் சூடாகி, மூணாவது சிலிண்டர் சுவத்துல விரிசல். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் உள்ள காத்தை அழுத்தற அழுத்தம், மத்த மூணுலயும் 140 சொச்சம் பிஎஸ்ஐ, மூணாவதுல 60. பிளாக் விரிசல் விட்டுட்டா ரீபில்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல, வேற எஞ்சின்தான்.

அங்கதான் தலைவலி ஆரம்பிச்சுது. கோப்பிக்கடையில பழைய வண்டி வெச்சிருக்க நாலு பேர் உக்காந்தா நாலு எஞ்சின் சொல்வாங்க. ஒருத்தர் 4ஏ-ஜிஇ தவிர வேற எதையும் காதுலயே வாங்க மாட்டார். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, கேஇ70-யும் ஏஇ71-ம் ஒரே பாடி, ஏஇ86 இதுக்கு பங்காளி, 1587 சிசி டுவின் கேம், டொயோட்டாவே பின்சக்கர வண்டியில போட்ட எஞ்சின். ஆனா இப்ப மார்க்கெட்ல வர்றதுல முக்காவாசி ஏஇ92, ஏஇ101 மாதிரி முன்சக்கர வண்டியில இருந்து கழட்டினது. அதை நீளவாக்குல திருப்பி வெக்கணும்னா தண்ணி போற வழி மாறும், டிஸ்ட்ரிபியூட்டர் ஃபயர்வால்ல இடிக்கும், டி50 கியர்பாக்ஸ் தேடணும், கிராஸ்மெம்பர், மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட், பெட்ரோல் டேங்க்ல ரிட்டர்ன் லைன், ஹை பிரஷர் பம்ப், ஈசியூ, வயரிங். அப்புறம் பிரேக். எஞ்சின் விலைய மட்டும் கேட்டுட்டு குதிக்கறவங்க இந்தப் பட்டியலை பாதியிலதான் பாப்பாங்க. பாதி வேலையில நின்னு தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்க வண்டி எனக்குத் தெரிஞ்சே ரெண்டு இருக்கு.

இன்னொருத்தர் ஜோகூர்ல இருக்க என் மச்சான். அவர் 5கே கட்சி. உண்மையிலயே இதுதான் எனக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சு. 5கே 4கே-யோட அண்ணன் மாதிரி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்கற தூரம்) ரெண்டுக்கும் 73 மில்லிமீட்டர்தான், போர் (சிலிண்டர் அகலம்) மட்டும் 75-ல இருந்து 80.5 ஆகுது, 1486 சிசி. டொயோட்டா லைட்ஏஸ் வேன்ல வந்தது, நம்ம ஊர்லயும் மலேசியாவுலயும் ரொட்டி, காய்கறி, கேஸ் சிலிண்டர்னு சுமந்து சுமந்து ஓடின எஞ்சின், அதை கொல்லவே முடியாதுன்னு மச்சான் சத்தியம் பண்றார். அதே கே பாக்ஸ்ல உக்காரும். வேன்ல சீட்டுக்கு அடியில படுத்திருக்கற எஞ்சின்கிறதால ஆயில் சம்ப்பும் அதோட பிக்கப் குழாயும் மட்டும் கொரோலாவோடத மாத்தணும். அதுக்கும் மேல 7கே இருக்கு, 1781 சிசி, மலேசியாவுல டொயோட்டா அன்சர்ங்கற வண்டியில வந்தது, ஆனா அது பிளாக்கே உயரம் ஜாஸ்தி, பானெட் மூடுமான்னு அளந்து பாத்துட்டு பேசணும். சிங்கப்பூர்ல மட்டும் இல்லாம இருந்தா நான் கண்ணை மூடிட்டு 5கே போட்டிருப்பேன். இப்பவும் அதான் சொல்றேன்.

ஆனா நாம சிங்கப்பூர்ல இருக்கோம். இங்க எஞ்சின் மாத்தறதுன்னா எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வேணும், எஞ்சின் நம்பர் ரெக்கார்டுல ஏறணும், இன்ஸ்பெக்‌ஷன்ல நம்பரை டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. அனுமதி இல்லாம மாத்தினா முதல் தடவையே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம் இல்லாட்டி மூணு மாசம் வரைக்கும் உள்ள. மச்சான் என்னடான்னா "யாரு மாப்ள பாக்கப்போறா, வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்"ன்றார். ஆமா ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா விபத்துன்னு ஒண்ணு ஆகி இன்சூரன்ஸ்காரன் வந்து நின்னா அப்ப யாரு பேசுவா? அதுவுமில்லாம அவர் ஊர்லயும் ஜேபிஜே-ல (மலேசியாவோட சாலைப் போக்குவரத்து இலாகா) சொல்லிட்டுத்தான் மாத்தணும், அதை அவர் வசதியா மறந்துட்டார்.

அப்பதான் எனக்கு உறைச்சுது, நான் தேடறது வேகம் இல்ல. 45 நாள் ஓடற வண்டி. மூணு வாரம் தூங்கிட்டு எழுந்தா ஸ்டார்ட் ஆகணும், தேக்கா நெரிசல்ல சூடாகக் கூடாது, இன்ஸ்பெக்‌ஷன்ல வாயைத் தொறந்து விளக்கம் சொல்ற நிலைமை வரக் கூடாது, சாமான் கெடைக்கணும். நாலுக்கும் பதில் ஒரே எஞ்சின்தான். கே சீரிஸ் இந்தோனேசியாவோட டொயோட்டா கிஜாங்ல இருந்து மலேசியா அன்சர் வரைக்கும் 2000-க்கு அப்புறமும் ஓடின குடும்பம்கிறதால கேஸ்கெட், வாட்டர் பம்ப், ஆயில் ஃபில்டர் எல்லாம் ஜோகூர்ல கடைக்காரர் அலமாரியில கையை விட்டு எடுத்துக் குடுப்பார். இதே கார் வேற ஐரோப்பிய வண்டியா இருந்திருந்தா நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்.

சரி, 4கே-ன்னு முடிவு பண்ணிட்டு வாங்கப் போனா அங்க ஒரு அடி. தீவோட கெழக்குப் பக்கம் ஒரு ஆள், பேர் வேண்டாம். "ஜப்பான்ல இருந்து வந்தது, லோ மைலேஜ்"னார். எஞ்சின் பளபளன்னு இருந்துச்சு, வெள்ளிக் கலர் ஸ்ப்ரே. நானும் மயங்கி 300 வெள்ளி முன்பணம் குடுத்துட்டு வந்துட்டேன். அடுத்த நாள் பட்டறை அண்ணனை கூட்டிட்டுப் போனேன். அவர் பளபளப்பையே பாக்கல. நேரா குனிஞ்சு பிளாக்ல நம்பர் அடிச்ச இடத்தை கட்டைவிரலால தடவினார், அப்புறம் என் கையை இழுத்து அதே இடத்துல வெச்சார். பெயின்ட்டுக்கு அடியில வழவழன்னு, சுத்தி வார்ப்பிரும்பு சொரசொரன்னு. யாரோ கிரைண்டர் போட்டு நம்பரை தேச்சிருக்காங்க. "இதை வெச்சு நீங்க எல்டிஏ வாசல் பக்கமே போக முடியாது தம்பி"ன்னார். விக்கறவர் உடனே போன் வந்த மாதிரி வெளிய போயிட்டார். முன்பணம் போனது போனதுதான்.

ரெண்டாவது எஞ்சின் அண்ணனே தேடிப் பிடிச்சது, பழைய ஸ்டார்லெட்ல இருந்து எறக்கினது. கேபி61 ஸ்டார்லெட்லயும் இதே 4கே-தான். பாக்க அசிங்கமா இருந்துச்சு, மேல கறுப்பா எண்ணெய்ப் புழுதி, ஒரு பக்கம் சிலந்திக்கூடு. நம்பர் மட்டும் தெளிவா, அடிச்ச ஓரம்கூட மழுங்காம இருந்துச்சு. அதை அவர் சோதிச்ச விதத்துக்காகவே இந்த பட்டறைக்கு அஞ்சு நட்சத்திரம் குடுக்கலாம். எஞ்சினை ரெண்டு பழைய டயர் மேல உக்கார வெச்சு, பெல்ஹவுசிங்கும் ஸ்டார்ட்டரும் மாட்டி, ஒரு லோரி பேட்டரியில இருந்து வயர் குடுத்து சுத்த விட்டார், நாலு பிளக்கும் கழட்டி வெச்சுட்டு ஒவ்வொரு ஓட்டையா கம்ப்ரஷன் கேஜ் வெச்சார். 160, 158, 162, 155. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும். அளவு ரொம்ப ஏறினா ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம், ஏறாம கீழயே கெடந்தா வால்வு. கொஞ்சமாத்தான் ஏறுச்சு. ராக்கர் கவரைத் தொறந்தா உள்ள தேன் கலர், கரி இல்ல. கடைசியா முன்னாடி புல்லியைப் புடிச்சு முன்னும் பின்னும் தள்ளிப் பாத்தார், கிராங்க் ஆடுதான்னு. "வெளிய அழுக்கா இருந்தா பரவால்ல, யாரும் கை வெக்கலன்னு அர்த்தம்"னு சொன்னார். விலை 1,100 வெள்ளி.

பட்டறை பேர் போடல. போடட்டுமான்னு கேட்டேன், "வேணாம் தம்பி, இப்பவே ஆறு வண்டி வரிசையில நிக்குது"ன்னுட்டார். சின் மிங் பக்கம்னு மட்டும் சொல்றேன். ரெண்டே லிஃப்ட், ஒரு சீன அங்கிள் கார்பரேட்டர் பாப்பார், இவர் எஞ்சின், டீ வாங்க ஒரு தகர டப்பா நிறைய சில்லறை. ஏசி ரூம், வாட்சாப்ல தினமும் போட்டோ, பில்லுல க்யூஆர் கோடு, இதெல்லாம் எதிர்பாத்துப் போகாதீங்க. போன் எடுக்கவே மாட்டார், நேர்ல போனாதான் பேச்சு. "அடுத்த வாரம்"னா மூணு வாரம்னு கணக்கு வெச்சுக்கணும். எட்டு வாரம் சொல்லி பதினாலு வாரம் ஆச்சு, இதுக்கு ஒரு நட்சத்திரம் கொறச்சே ஆகணும். ஆனா எல்டிஏ அனுமதி வர்ற வரைக்கும் எஞ்சினை வண்டிக்குள்ள எறக்க மாட்டேன்னு அவரே நின்னுட்டார், அது எனக்குப் புடிச்சுது.

வேலைன்னு பாத்தா, போர் தேஞ்ச அளவு கம்மியா இருந்ததால சிலிண்டரை பெருசா கடையற ஓவர்சைஸ் போகாம, சுவத்தை லேசா தேச்சு விடற ஹோன் மட்டும் அடிச்சு புது ரிங், புது பேரிங். அலுமினிய ஹெட்டை மெஷின் ஷாப்ல லேசா சீவி, வால்வு தேச்சு, வால்வு சீல் மாத்தி. வெல்ச் பிளக் எல்லாத்தையும் பித்தளையில புதுசா அடிச்சார், இதை நான் கேக்காமலே பண்ணினார், நல்லாருக்கற பிளக்கை எதுக்கு மாத்தறீங்கன்னு கேட்டதுக்கு அந்த செம்மண் கொழம்பை ஒரு பாட்டில்ல புடிச்சு வெச்சிருந்ததை எடுத்து காட்டினார். ரேடியேட்டருக்கு புது கோர். கியர்பாக்ஸ் எறக்கினதோட எறக்கினதா கிளட்ச், பின் கிராங்க் சீல், பைலட் பேரிங், எஞ்சின் மவுண்ட் ரப்பர், எல்லா ஹோசும். இந்த விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, 40 வெள்ளி சீலுக்காக மறுபடியும் கியர்பாக்ஸ் எறக்கினா கூலி மட்டும் எத்தனைன்னு யோசிங்க.

கணக்கு கேக்கறவங்களுக்கு: எஞ்சின் 1,100, ரிங் பேரிங் கேஸ்கெட் 620, மெஷின் ஷாப் 380, ரேடியேட்டர் 350, கிளட்ச் 290, கூலி 1,900, ஹோஸ் ஆயில் சில்லறை 260. மொத்தம் 4,900 வெள்ளி. ஏமாந்த 300-ஐ இதுல சேக்கல, அது படிப்புச் செலவு.

ஓடறது எப்படி? மெதுவா. பிஐஇ விரைவுச்சாலையில 90-க்கு மேல இந்த வண்டிக்கு ஆசையும் இல்ல, எனக்கும் இல்ல. நாலாவது கியர்ல புக்கிட் தீமா ஏத்தம் ஏறறப்போ ஒரு டெலிவரி வேன் பையன் ஹாரன் அடிச்சு முந்திட்டுப் போனான், பரவால்ல. ஆனா ஐடில் அப்படி ஒரு அமைதி, டேஷ்போர்ட் மேல கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) பாக்கெட்டை வெச்சா ஆடாது. முதல் 1,000 கிலோமீட்டர் ரன்னிங் இன், அதாவது புது பாகம் பழகற வரைக்கும் மெதுவா ஓட்டறது, மினரல் 20டபிள்யூ-50 ஆயில். இந்த மாதிரி பழைய டேப்பெட் எஞ்சினுக்கு ஜிங்க் ஜாஸ்தி இருக்கற ஆயில் வேணும், இப்ப வர்ற புது வண்டி ஆயில்ல அதை கொறச்சிட்டாங்க, டப்பாவைப் படிச்சு வாங்குங்க. 45 நாள் கோட்டாவுல 1,000 ஓட்டி முடிக்க ஏழு மாசம் ஆச்சு, சாங்கி போய் லிம் சூ காங் போய் கிராஞ்சி போய், ஊர்ல போறதுக்கு இடமே தீந்துபோச்சு. அப்புறம் ஹெட் போல்ட் மறுபடி டார்க் வெச்சு, டேப்பெட் சூட்டுல இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லின்னு செட் பண்ணினார், காசு வாங்கல.

தூங்கி எழறதுதான் நான் முக்கியமாப் பாத்தது. மூணு வாரம் நின்னா கார்பரேட்டர் கிண்ணத்துல பெட்ரோல் ஆவியாகி காஞ்சிடும், பம்ப் எஞ்சின் சுத்தினாதான் வேலை செய்யற மெக்கானிக்கல் வகை, அதனால முதல் பத்து செகண்டு சும்மா சுத்தும், பயந்துட வேண்டாம். சோக் இழுத்து, அஞ்சு செகண்டு சுத்தி, நிறுத்தி, மறுபடி அஞ்சு செகண்டு. மூணாவது தடவைக்கு போகாம புடிச்சிடுது, இதுவரைக்கும் ஒரு தடவை கூட ஏமாத்தல. பேட்டரி நெகட்டிவ் கழட்டி வெச்சிடறேன்.

போன தீபாவளிக்கு வேணும்னே அம்மாவை அதே ரோட்டுல கூட்டிட்டுப் போனேன். அதே நெரிசல், அதே லைட், சரியா நாப்பது நிமிஷம் ஊர்ந்துச்சு. முள்ளு பாதிக்கு கீழயே நின்னுச்சு. அம்மா அதை கவனிக்கவே இல்ல, ஏசி ஏன் சரியா வரலன்னு கேட்டாங்க. ஏசி இன்னும் பண்ணலம்மா, அடுத்த வருஷம்னேன்.

கொறை இல்லாம இல்ல. டைமிங் கவர் ஓரமா ஒரு எண்ணெய்க் கசிவு இன்னும் இருக்கு, ராத்திரி நிறுத்தினா காலையில அம்பது காசு அளவுக்கு ஒரு பொட்டு. ரெண்டு தடவை கேஸ்கெட் மாத்தியாச்சு, அண்ணன் மூணாவது தடவை பாக்கறேன்னு சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு, போன் எடுக்கல, நேர்லதான் போகணும். அதுவரைக்கும் வண்டிக்கு அடியில அட்டைப்பெட்டி விரிச்சு வெக்கறேன், எங்க அடுக்குமாடி புளோக்கை கூட்டற ஆன்ட்டி வாரத்துக்கு ஒரு தடவை அதை குப்பைன்னு எடுத்துட்டுப் போயிடறாங்க, நான் மினிமார்ட்ல போய் மறுபடி ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வரேன்.